இரு கொடிகளின் கீழ் ஒரு முதியவர்

முதியவர் ஒருவர் மறைந்தால் ஒரு குடும்பம் தன் பழங்கதைகளை இழக்கிறது. பேரப்பிள்ளைகள் கேட்க மறந்த கேள்விகள் கேட்கப்படாமலேயே நின்றுவிடுகின்றன. அரிதாகச் சில மரணங்களில் இந்த இழப்பு குடும்பத்தோடு முடிவதில்லை. ஒரு பெரும்போரின் நேர்ச்சாட்சியமே அம்மனிதரோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. அதன்பின் அப்போரைப் பற்றி ஏடுகள் பேசலாம், கல்வெட்டுகள் பேசலாம். கண்ணால் கண்டவர் எவரும் பேச முடியாது.

2008ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பாரிஸ் நகரை அடுத்த லெ கிரெம்லின்-பிசெத்ர் என்னும் ஊரில் லாசர் பொந்திசெல்லி என்ற முதியவர் தமது 110ஆம் வயதில் காலமானார். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் நின்று போரிட்டவர்களுள் அன்றுவரை உயிரோடிருந்த கடைசி மனிதர் அவரே. அகழிகளில் மாதக்கணக்காய் மழிக்காத தாடியோடு கிடந்த அப்படைவீரர்களைப் பிரெஞ்சு மக்கள் ‘புவாலு’ என்று செல்லமாக அழைத்தனர். ‘உரோமம் அடர்ந்தவர்’ என்பது அச்சொல்லின் பொருள். எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போருக்காகப் பிரான்சில் படைக்கு அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ பதினான்கு இலட்சம் பேர் மாண்டனர். அத்தனை பெரிய கூட்டத்தின் இறுதி மனிதர் பிரான்சில் பிறந்தவரல்லர். போரில் சேர்ந்த நாளில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவருமல்லர். பசிக்கு அஞ்சி எல்லை கடந்து வந்த ஓர் இத்தாலியச் சிறுவன் அவர். வரலாறு சில வேளைகளில் எந்தக் கதாசிரியரும் துணியாத முடிவை எழுதிவிடுகிறது.

பயணச்சீட்டுக்குக் காசில்லாத பிள்ளை

வட இத்தாலியில், பியாச்சென்சா மாவட்டத்து மலைப்பகுதியில் பெத்தோலா என்றோர் ஊர் உள்ளது. அதனைச் சார்ந்த ஒரு சிற்றூரில் 1897ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லாசர் பிறந்தார். இத்தாலியப் பெயர் லாத்சரோ. வீட்டில் ஏழு பிள்ளைகள். தந்தை சந்தைகளில் கால்நடை விற்றார். தச்சு வேலை பார்த்தார். வேலை கிடைக்காதபோது செருப்பும் தைத்தார். தாய் தம் சிறு நிலத்தில் பாடுபட்டதோடு, பருவந்தோறும் போ ஆற்றுச் சமவெளிக்கு இறங்கிச் சென்று நெல்வயல்களில் கூலி வேலை செய்தார். ஐரோப்பா என்றதும் கோதுமையும் திராட்சையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அக்காலத்து வட இத்தாலிய ஏழைப் பெண்கள் முழங்கால் அளவு நீரில் குனிந்து நின்று நெற்பயிருக்குக் களையெடுத்தவர்கள். நெல்லின் துயரம் நமக்கு மட்டும் உரியதன்று.

சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தும் அக்குடும்பத்தின் பசி தீரவில்லை. தாய் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குச் சென்றார். பின்னர் தந்தையும் மூத்த தமையனும் அடுத்தடுத்து இறந்தனர். எஞ்சியவர்கள் பாரிசுக்குப் புறப்பட்டபோது கடைசி வரையில் கணக்குப் பார்த்தும் ஒரு பயணச்சீட்டுக்குக் காசு குறைந்தது. ஆறு வயது லாசரை அண்டை வீட்டாரிடம் விட்டுவிட்டுக் குடும்பம் போய்விட்டது.

அப்பிள்ளை அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. மரக்காலணி செய்யும் வேலைக்குப் போனான். பறவைகளைப் பிடித்து விற்றான். காசைக் காசோடு சேர்த்தான். பத்து வயது நிறையும் முன்பே பாரிசுக்கான பயணச்சீட்டை வாங்கும் அளவுக்குச் சேர்த்துவிட்டான். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை நடந்தே கடந்து பியாச்சென்சாவில் இரயிலேறினான். பிரெஞ்சு மொழி தெரியாது. பள்ளிக்கூடம் அறியாத பிள்ளை. அண்டை நாட்டின் பெருநகரம் அவன் கனவில் ஒரு சொர்க்கமாக இருந்தது.

இத்தனிக்கதைக்குப் பின்னே ஒரு பெருங்கதை உண்டு. 1876 முதல் 1915 வரையிலான காலத்தில் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினர். அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்றவர்கள் போக, பெருந்தொகையினர் பிரான்சுக்குச் சென்றனர். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் பிரான்சில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் வாழ்ந்தனர். அவர்களை வரவேற்கப் பூமாலை காத்திருக்கவில்லை. 1893 ஆகஸ்டில் தென் பிரான்சின் எக்-மோர்த் என்னுமிடத்தில் உப்பளத்தில் கூலி வேலை செய்த இத்தாலியர்மீது வெறிகொண்ட கூட்டம் பாய்ந்து பலரை அடித்துக் கொன்றது. அரசின் கணக்குப்படியே இறந்தவர் எட்டுப் பேர். மறு ஆண்டு பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் ஓர் இத்தாலிய இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். அதன்பின் அந்நகரின் இத்தாலியர் கடைகள் சூறையாடப்பட்டன. லாசர் பிறப்பதற்குச் சில ஆண்டுகளே முந்தைய நிகழ்ச்சிகள் இவை. இத்தாலியன் என்றால் குறைந்த கூலிக்கு வேலையைத் தட்டிப் பறிப்பவன் என்று பெயர் பரவியிருந்த மண்ணில்தான் அச்சிறுவன் வந்திறங்கினான்.

பாரிசை அடுத்த நொழான் என்னும் ஊரில் புகைபோக்கிகளுக்குள் இறங்கிக் கரியைச் சுரண்டும் வேலை கிடைத்தது. ஒடுங்கிய குழாய்க்குள் நுழையச் சிறு உடம்பே வேண்டும் என்பதால் அத்தொழிலில் ஏழைச் சிறுவர்கள் ஈடுபடுத்தப்பட்ட காலம் அது. பின்னர் பாரிஸ் தெருக்களில் நாளிதழ் விற்றான். 1914 ஜூலை 31 அன்று போருக்கு எதிராகக் குரல் கொடுத்துவந்த சோசலிசத் தலைவர் ழான் ழோரெஸ் பாரிசில் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தி தெருவெங்கும் கூவி விற்கப்பட்ட அந்நாட்களில் நாளிதழ்ப் பையன்களுள் ஒருவனாக லாசரும் இருந்தான். மூன்று நாள் கழித்துப் போர் மூண்டது.

நன்றி என்னும் காரணம்

1914 ஆகஸ்டில் லாசருக்கு வயது பதினாறு. வயதைக் கூட்டிச் சொல்லிப் பிரெஞ்சுப் படையின் அயல்நாட்டார் பிரிவில் சேர்ந்தார். ஏன் சேர்ந்தீர் என்று பின்னாளில் கேட்டபோதெல்லாம் அவர் கூறிய விடை எளியது: இந்நாடு தமக்குச் சோறு போட்டது, அதற்குக் கைம்மாறு செய்ய விரும்பினார். வீரம், புகழ், பேரரசு, பண்பாடு என்று அக்காலத்து அரசியலார் முழங்கிய பெருஞ்சொற்கள் எவையும் அவ்விடையில் இல்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த அறமே அவரிடத்திலும் இருந்தது.

அவர் சேர்ந்த அணி இத்தாலியத் தொண்டர்களால் ஆனது. இத்தாலிய ஒருமைப்பாட்டின் தலைமகன் கரிபால்டியின் பேரர் பெப்பீனோ கரிபால்டி அதன் தலைவர். ஆர்கோன் காட்டில் அவ்வணி கடும்போர் புரிந்தது. பெப்பீனோவின் தம்பியர் இருவர் அங்கே வீழ்ந்தனர். புரூனோ 1914 டிசம்பர் 26இலும், கோஸ்தாந்தே 1915 ஜனவரி 5இலும் உயிர் துறந்தனர்.

இப்போர், எழுத்தாளர்களையும் இதே வாசல் வழியே இழுத்துச் சென்றது என்பதைக் கவிஞர்கள் நினைவுகொள்ளுதல் தகும். சுவிட்சர்லாந்தில் பிறந்த கவிஞர் பிளேஸ் சாந்திரார், பிரான்சில் வாழும் அயலார் அனைவரும் படையில் சேர வேண்டுமென்று இத்தாலிய எழுத்தாளர் ரிச்சோத்தோ கானூதோவுடன் சேர்ந்து 1914 ஜூலை இறுதியில் அறைகூவல் விடுத்தார். தாமும் சேர்ந்தார்; 1915 செப்டம்பரில் எழுதும் கையாகிய வலக்கையை இழந்தார்; பின் இடக்கையால் எழுதப் பழகினார். ரோம் நகரில் போலந்துத் தாய்க்குப் பிறந்த கியோம் அப்போலினேர் 1916 மார்ச் மாதத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். அது கிட்டிய எட்டு நாட்களுக்குள் எறிகுண்டுச் சிதறல் அவர் தலையைத் துளைத்தது. போர் ஓய்வதற்கு இரண்டு நாள் முன்னர், 1918 நவம்பர் 9 அன்று, நச்சுக்காய்ச்சலில் மாண்டார். எகிப்தில் பிறந்த இத்தாலியக் கவிஞர் ஜூசெப்பே உங்காரெத்தி ஆஸ்திரிய எல்லையிலும், பின்னர் பிரான்சின் ஷாம்பாஞ் பகுதியிலும் சாதாரணப் படைவீரராக நின்றார். இவர்களெல்லாம் தாம் கண்டதை எழுதி வைத்தார்கள். புகைபோக்கிச் சிறுவனிடம் எழுத்து இல்லை. அவன் கண்டது அவன் நினைவிலேயே தொண்ணூறு ஆண்டுகள் தங்கியது.

அந்த நினைவுகளுள் ஒன்றை அவர் முதுமையில் மீண்டும் மீண்டும் சொன்னார். ஆர்கோனில் இரு தரப்பு அகழிகளுக்கும் இடைப்பட்ட வெளியில் அடிபட்டுக் கிடந்தோரின் ஓலம் கேட்டுக்கொண்டே இருந்தது. அங்கே கால் சிதைந்த ஒரு பிரெஞ்சு வீரரை மீட்கப் போனவர்கள் ஒவ்வொருவராக வீழ்ந்தனர். லாசர் தவழ்ந்து போனார். வழியில் காயம்பட்ட ஒரு ஜெர்மானியர் எதிர்ப்பட்டார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஜெர்மானியர் இரண்டு விரல்களைக் காட்டினார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று லாசர் புரிந்துகொண்டார். அவரை ஜெர்மானிய அகழியருகே கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து தம் தரப்பு வீரரைத் தம் அகழிக்கு இழுத்துச் சேர்த்தார். அவ்வீரர் லாசரைக் கட்டித் தழுவித் தம் நான்கு பிள்ளைகளின் பெயரால் நன்றி சொன்னார். பின்னர் அவர் பிழைத்தாரா, இறந்தாரா என்பது லாசருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

ஆறு பிள்ளைகள், இரண்டு தந்தையர், இரண்டு நாடுகள் என்பதே பதினாறு வயதுச் சிறுவன் போர்க்களத்தில் கற்ற கணக்கு. படைத்தலைவர்கள் கற்பித்த கணக்கு வேறு.

நாடு கேட்டு வாங்கிய உடல்

1915 மே மாதம் இத்தாலியும் பிரான்சின் பக்கம் நின்று போரில் இறங்கியது. நட்பு நாடுதானே, இருக்குமிடத்திலேயே போரிடலாம் என்று லாசர் எண்ணினார். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. அவர் இத்தாலியக் குடிமகன். ஆகவே அவர் உடல் இத்தாலிக்கு உரியது. தாமாக விரும்பிச் சேர்ந்த படையிலிருந்து விலக்கப்பட்டு, இரண்டு காவலர்களின் பாதுகாப்பில் தூரின் நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே ஆல்பினி எனப்படும் மலைப்படையின் மூன்றாம் பிரிவில் சேர்க்கப்பட்டார். ஆறு வயதில் பயணச்சீட்டு வாங்கித் தர வழியில்லாமல் விட்டுப்போன தாய்மண், துப்பாக்கி ஏந்தும் வயது வந்ததும் காவலர்களை வைத்து அவரை அழைத்துக்கொண்டது.

இதில் ஓர் அரசின் கொடுமையைத் தனித்துக் காண்பது நேர்மையன்று. அன்று எல்லா அரசுகளும் குடியுரிமையை இப்படித்தான் புரிந்துகொண்டிருந்தன. வறுமைக் காலத்தில் குடிமகன் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். போர்க்காலத்தில் அரசு அவனைத் தேடி வரும். புலம்பெயர்ந்த ஏழைக்கு இவ்விரண்டும் ஒரே ஆயுளில் நேர்ந்தன.

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் கார்னியா பகுதியில் பால் பிக்கொலோ என்னும் உச்சியில் ஆஸ்திரியப் படையை எதிர்த்து அவர் நின்றார். பனியிலும் பாறையிலும் நிகழ்ந்த போர் அது. கீழேயுள்ள சிற்றூர்களின் பெண்கள், தானியம் சுமக்கும் பிரம்புக் கூடைகளில் தோட்டாவும் ரொட்டியும் நிரப்பி, முப்பது நாற்பது கிலோ எடையை முதுகில் ஏற்றி மலையுச்சிக்குச் சுமந்தனர். அவர்களுள் திமாவ் ஊரைச் சேர்ந்த மரியா பிளோட்ஸ்னர் மென்தில் என்பவர் 1916 பிப்ரவரியில் ஆஸ்திரிய வீரனின் குண்டுக்கு இரையானார். அவர் நான்கு பிள்ளைகளின் தாய். போர்வீரர் பட்டியலில் சேராத இத்தகைய உயிர்கள் எத்தனை என்று எந்த நினைவுத்தூணும் முழுமையாகச் சொல்வதில்லை.

இயந்திரத் துப்பாக்கி இயக்கிய லாசருக்குக் கன்னத்தில் பலத்த காயம் ஏற்பட்டது. இரத்தம் கண்ணை மறைத்தபோதும் எதிரிகள் வெள்ளைத் துணியை அசைக்கும்வரை சுட்டதாக அவர் கூறினார். இது வீரச் செயல்தான், பதக்கமும் வந்தது. ஆனால் முதுமையில் அவர் விரும்பிச் சொன்ன கதை வேறு. மலைமுனையில் எதிரெதிரே நின்ற இரு தரப்பினரும் ஒரு கட்டத்தில் சுடுவதை நிறுத்திக்கொண்டனர். எதிரே நின்ற ஆஸ்திரியர்கள் ஜெர்மன் பேசும் தீரோல் மலைக்காரர்கள். இத்தாலிய அணியிலும் அம்மொழி தெரிந்தவர் பலர் இருந்தனர். பேச்சு தொடங்கியதும் பகை தளர்ந்தது. இவர்கள் ரொட்டி கொடுத்தனர். அவர்கள் புகையிலை கொடுத்தனர். ஒருவரையொருவர் படமும் எடுத்துக்கொண்டனர். ஏறத்தாழ மூன்று வாரம் அம்மலையில் துப்பாக்கி ஓய்ந்திருந்தது. செய்தி மேலிடத்துக்கு எட்டியது. அவ்வணி தண்டனையாக மேலும் கடுமையான களத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் வந்த நச்சுப்புகைத் தாக்குதலில் தம் தோழர் பலர் மடிந்ததை லாசர் கண்டார்.

மொழி ஒருவரை ஒருவருக்கு அயலாக்கவும் கூடும். ஒருவரை ஒருவருக்கு உறவாக்கவும் கூடும். ஆர்கோனில் மொழி இன்றி இரண்டு விரல்கள் பேசின. பால் பிக்கொலோவில் பகைவரின் மொழியே சமாதானத்தைக் கொண்டுவந்தது. மொழியைத் தொழிலாகக் கொண்டோர் சிந்திக்கத்தக்க செய்தி இது.

கரி சுரண்டியவர் கட்டிய குழாய்

1920இல் படையிலிருந்து விடுபட்ட லாசர், மறு ஆண்டு பிரான்சுக்குத் திரும்பினார். 1923இல் உடன்பிறந்தார் செலஸ்த், பொன்ஃபீஸ் ஆகியோருடன் சேர்ந்து பாரிசில் ‘பொந்திசெல்லி சகோதரர்கள்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். புகைபோக்கி அமைப்பதும் பழுதுபார்ப்பதும் தொடக்கத் தொழில். சிறுவனாக எந்தக் குழாய்க்குள் இறங்கிக் கரி சுரண்டினாரோ, அதையே உயர எழுப்பும் தொழிலாளராகவும் முதலாளியாகவும் ஆனார். நாளடைவில் ஆலைகளுக்கான குழாய் அமைப்பிலும் உலோகப் பணிகளிலும் அந்நிறுவனம் வளர்ந்தது. அவர் காலமான ஆண்டில் அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தனர்.

பிரெஞ்சுக் குடியுரிமை அவருக்குக் கிடைத்த ஆண்டு 1939. பிரான்சுக்காக இரத்தம் சிந்தத் துணிந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. அடுத்த உலகப் போரும் அவ்வாண்டே தொடங்கியது. மீண்டும் படையில் சேர முன்வந்தார். வயது கடந்துவிட்டதென்று மறுத்துவிட்டனர். அவரது தொழிற்சாலை நாட்டுக்குப் பயன்படும் என்றனர். ஜெர்மானியர் வட பிரான்சைப் பிடித்தபோது நிறுவனம் தெற்கே பெயர்ந்தது. 1942 நவம்பரில் தெற்கும் ஜெர்மானியர் பிடியில் வீழ்ந்த பின்னர், அவர் வடக்கே திரும்பி எதிர்ப்பியக்கத்தாருடன் சேர்ந்து பணியாற்றினார். 1960இல் ஓய்வு பெற்றார். அதன்பின் இன்னும் 48 ஆண்டுகள் வாழ்ந்தார். பலருக்கு முழு உழைப்புக் காலமே அவ்வளவு நீளமில்லை.

ஓய்வுக்காலத்தில் அவர் தம் வீரத்தைப் பறைசாற்றித் திரியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11ஆம் நாள், போர் ஓய்ந்த நினைவு நாளில், தம் ஊர் நினைவுச் சின்னத்தின் முன் வந்து நின்றார். 2007ஆம் ஆண்டு நவம்பரிலும், நூற்றுப்பத்து வயது நிறைய ஒரு மாதம் குறைய, வந்து நின்றார். பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் போரைப் பற்றிச் சொன்னார். சொன்னதன் சாரம் ஒன்றே: போர் அறிவற்றது, யாரென்றே தெரியாத, பிள்ளைகுட்டிகள் உள்ள தந்தையரை நோக்கிச் சுடச் சொல்வது அது.

பெருமையை மறுத்த பெருமை

2005ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ழாக் சிராக் ஓர் அறிவிப்புச் செய்தார். கடைசிப் புவாலு மறையும்போது நாடே ஒன்றுகூடி அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நிகழ்த்தும் என்பது அது. உயிரோடிருந்த முதியவர்கள் சிலரே. அவர்களுள் யாரோ ஒருவர் மற்றவர்களுக்குப் பின் சாவார். அவருக்கு அம்மரியாதை வந்து சேரும். நல்ல நோக்கமுடைய அறிவிப்புதான். ஆயினும் அதில் ஒரு பொருந்தாமை இருந்ததை அம்முதியவர்களே முதலில் உணர்ந்தனர்.

லாசர் அம்மரியாதையை மறுத்தார். களத்தில் விழுந்த தோழர்கள் பலருக்குக் குழி வெட்டியவர் அவர். பெயர் எழுதிய சிலுவை கூட இல்லாமல் மண்ணில் புதைந்தவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் செய்யாத சிறப்பை, நெடுநாள் வாழ்ந்த ஒரே காரணத்தால் தமக்குச் செய்வது, மாண்டோரை அவமதிப்பதாகும் என்றார். அவரைப் போலவே லூயி தெ கசெனாவ் என்னும் மற்றொரு முதியவரும் மறுத்தார்.

2008 ஜனவரி 20 அன்று கசெனாவ் 110 வயதில் காலமானார். பிரெஞ்சுப் படையில் நின்றோருள் லாசர் ஒருவரே எஞ்சினார். அப்போது அவர் தம் முடிவைச் சற்றே தளர்த்தினார். ஆரவாரம் கூடாது, பெரும் அணிவகுப்புக் கூடாது, சடங்கு தமக்காக அன்றி, அப்போரில் இறந்த எல்லா ஆண்களுக்காகவும் பெண்களுக்காகவும் நடக்க வேண்டும். இந்நிபந்தனைகளோடு ஓர் எளிய வழிபாட்டுக்கு இசைந்தார். அடுத்த இரு மாதங்களுக்குள் அவரும் மறைந்தார்.

மார்ச் 17ஆம் நாள் பாரிசில் இன்வாலிட் வளாகத்திலுள்ள தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. குடியரசுத் தலைவர் நிக்கோலா சார்க்கோசியும், முன்னாள் தலைவர் சிராக்கும் வந்திருந்தனர். நாடெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. அயல்நாட்டார் படையின் வீரர்கள் பேழையைச் சுமந்தனர். நினைவுரை ஆற்றியவர் வரலாற்றாசிரியர் மாக்ஸ் காலோ. அவரும் இத்தாலியிலிருந்து குடியேறியோரின் மகனே. அதே நாளில் அப்போரின் வீரர் அனைவரையும் நினைவுகூரும் கல்வெட்டு அங்கே திறக்கப்பட்டது. லாசரின் உடல் இவ்ரி ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அவர் குடும்பத்தாரோடு அடக்கம் செய்யப்பட்டது.

அக்காலத்துச் சூழலையும் குறித்தல் வேண்டும். குடியேற்றத்தையும் தேசிய அடையாளத்தையும் ஒரே பெயரில் இணைத்த ஓர் அமைச்சகம் 2007 மே மாதத்தில் பிரான்சில் தொடங்கப்பட்டிருந்தது. 2010 வரை அது நீடித்தது. யார் பிரெஞ்சுக்காரர், வந்தேறியவர் எவ்வளவு நம்பத்தக்கவர் என்ற வாதம் செய்தித்தாள்களில் கொதித்துக்கொண்டிருந்தது. அவ்வேளையில் நாடே எழுந்து நின்று வணங்கிய ‘கடைசிப் பிரெஞ்சு வீரர்’, மொழி தெரியாமல் இரயிலில் வந்திறங்கிய ஏழைச் சிறுவன். எந்தச் சொற்பொழிவும் இதைவிடத் தெளிவாக அவ்வாதத்துக்கு விடை கூறியிருக்க முடியாது. எனினும் அவர் தம்மை யாருடைய வாதத்துக்கும் சான்றாக நிறுத்திக்கொள்ளவில்லை. சான்றாக நின்றால் இறந்தோர் பின்னுக்குப் போவார்கள் என்பது அவர் அச்சம்.

பிற நாடுகளின் கடைசி வீரர்களை ஒப்பிட்டால் இது மேலும் துலங்கும். ஜெர்மனியின் இறுதி வீரர்களுள் ஒருவராக அறியப்பட்ட எரிஹ் கேஸ்ட்னர், அதே பெயர் கொண்ட எழுத்தாளரல்லர், 2008 ஜனவரி முதல் நாள் இறந்தார். தோற்ற நாட்டில் அச்செய்தி பல நாள் வெளியே தெரியவில்லை. வென்ற நாட்டில் அரைக்கம்பக் கொடி. தோற்ற நாட்டில் மௌனம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்ததென்று காட்டியவர் லாசர்: மரியாதையை ஏற்றுக்கொண்டு, அதை அப்படியே பெயரற்றவர்களிடம் ஒப்படைத்துவிடுவது.

நினைவும் பெயரும்

வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயரெழுதும் வழக்கம் தமிழ்நாட்டில் தொன்மையானது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்குரிய படிநிலைகளைத் தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. நடுகல் மாண்டவனுக்கே உரியது. போரில் பிழைத்து முதுமை எய்தியவனுக்கு அது நடப்படுவதில்லை. லாசர் பொந்திசெல்லி தமிழ் அறியாதவர். ஆயினும் அவர் மறுப்பில் இருந்தது இந்த நுண்மையே எனலாம். கல் விழுந்தவர்க்கு, எஞ்சியவன் கல்லுக்குக் காவல்.

இப்போர் நமக்கு முற்றிலும் அயலானதுமன்று. இந்தியப் படையினர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரான்சு, பெல்ஜியக் களங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1915 மார்ச்சில் நெவ்-ஷாப்பெல் போரில் அவர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தனர். அவ்வூரில் 1927இல் எழுப்பப்பட்ட நினைவிடம் 4,700க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கி நிற்கிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், அப்போரில் பிரான்சுக்காக மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் 1938இல் திறக்கப்பட்டது. மாலை நடைக்குச் செல்வோர் பலர் அதனைக் கடந்து போகிறார்கள். பிற்காலத்தில் பிரெஞ்சுப் படையில் பணிசெய்து ஓய்வூதியம் பெற்ற முதியவர்களைப் புதுச்சேரித் தமிழர் ‘சொல்தா’ என்று அழைத்தனர். அவ்வீடுகளின் திண்ணைகளில் இந்தோசீனத்தையும் அல்ஜீரியாவையும் பற்றி எத்தனையோ கதைகள் சொல்லப்பட்டன. அவற்றுள் எழுத்தில் ஏறியவை சிலவே. அவர்களும் ஒரு நாட்டின் சோற்றுக்கும் மற்றொரு நாட்டின் மண்ணுக்கும் இடையே வாழ்ந்தவர்கள்.

லாசரின் நினைவுகள் காப்பாற்றப்பட்டதற்குக் காரணம் அவர் நூற்றுப் பத்து ஆண்டுகள் வாழ்ந்தது மட்டுமன்று. கேட்க ஆட்கள் வந்தார்கள், கேட்டதை எழுதிவைத்தார்கள். அவர் கடைசி ஆளாக ஆன பிறகே பலர் வந்தார்கள் என்பதும் உண்மை. எண்பது வயதில் அவரோடு அமர்ந்து கேட்டிருந்தால் செலஸ்தையும் பொன்ஃபீசையும் அவர்களைப் போன்ற எத்தனையோ பேரையும் பற்றிக் கேட்டிருக்கலாம். கடைசி ஒருவர் வரை காத்திருப்பது நினைவைப் போற்றும் முறையாகாது. அது நினைவு தீர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

கவிஞர்கள் பெரும்பாலும் வீரத்தையே பாட அழைக்கப்படுகிறார்கள். கால் சிதைந்த ஒருவரின் நான்கு பிள்ளைகளும், இரண்டு விரலைக் காட்டியவரின் இரண்டு பிள்ளைகளும், முதுகுக் கூடையோடு மலையேறிய தாயின் நான்கு பிள்ளைகளும் பாட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். பெத்தோலாவின் ஏழைச் சிறுவன் தன் நெடிய ஆயுளில் அவர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான். பதக்கங்களை ஓர் அட்டைப்பெட்டிக்குள் போட்டு வைத்துவிட்டு, அந்த எண்ணிக்கையை மட்டும் கடைசி வரை மறக்காமல் வைத்திருந்தான். இரண்டு கொடிகளுக்கு உழைத்த அம்முதியவரிடமிருந்து நினைவுமலர் வெளியிடுவோரும், அதில் எழுதுவோரும், அதனைப் படிப்போரும் எடுத்துக்கொள்ளத்தக்கது அதுவே. போற்றுதலுக்கு முன்னால் எண்ணவேண்டும். எண்ணும்போது விடுபட்டவர்களிலிருந்து தொடங்கவேண்டும்.